தாளம் ரத்தத்தில் வருவதா? மத்தான்சாஸின் முன்யெகீத்தோஸ் குடும்பம்: ஒரு நிகழ்வு ஆய்வு

முரசும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலை கியூபாவின் ரும்பா. அதன் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள்: தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது. தாத்தா வாசித்தார், அப்பா வாசித்தார், பேரனும் வாசிக்கிறான். வேறு என்ன விளக்கம் வேண்டும்? புகழ்ச்சிதான். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள் ஓர் அநியாயம் இருக்கிறது. பல ஆண்டுக் காது வேலையையும், கை வேலையையும், ஒரு தெருவே சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்த்த விதத்தையும் அது ஒரு சொட்டு ரத்தத்தில் கரைத்துவிடுகிறது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொள்வது மத்தான்சாஸ் நகரத்தின் 'லோஸ் முன்யெகீத்தோஸ்' என்ற ரும்பாக் குழு. 1952இல் தொடங்கியது; எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் மேடையில் இருக்கிறது. தந்தை, மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேடையில் நிற்பதைப் பார்த்து உலகம் இதைக் குடும்பக் குழு என்றே அறிந்திருக்கிறது. குடும்ப வழியாகத் தாளம் இறங்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆனால் இந்தக் குழு குடும்பமாகத் தொடங்கவில்லை. ஒரு மதுக்கடையில் கூடிய பேட்டைக்கார இளைஞர்களின் கூட்டமாகத்தான் தொடங்கியது. குடும்பம் பிறகு வந்தது. இந்த வரிசைதான் என் வாதத்துக்கு அடிப்படை.

ஊர்

மத்தான்சாஸ், தலைநகர் ஹவானாவுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துறைமுக நகரம். 1693இல் நிறுவப்பட்டது. யுமுரி, சான் ஹுவான் ஆகிய ஆறுகள் நகரத்தை ஊடறுத்து விரிகுடாவில் கலப்பதால், பாலங்களின் ஊர் என்று அதற்கொரு பெயர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரைதான் அதன் உயிர். கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் பெருகப் பெருக, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கியூபாவில் அடிமைகள் மட்டும் 4,36,000க்கும் மேல். தீவின் மொத்த மக்கள்தொகையே பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். 1843இல் திரியுன்விராத்தோ ஆலையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும், அடுத்த ஆண்டு ஆட்சியாளர்கள் பழிதீர்த்ததும் இந்த வட்டாரத்தில்தான். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1886இல்.

அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் தத்தம் பூர்வீக இனத்தின் பெயரால் 'கபில்தோ' என்ற சங்கங்களை வைத்திருந்தார்கள். லுக்குமி, அராரா, கோங்கோ, கராபலி என்று தனித்தனியாக. நோயாளிக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, திருநாளன்று முரசு கொட்டி ஆடுவது எல்லாம் அங்கே நடந்தன. மத்தான்சாஸில் இந்தச் சங்கங்களின் வாரிசு வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஒரே பேட்டையில் நாலு விதமான முரசு, நாலு விதமான வழிபாட்டு மொழி. ஒரு குழந்தை தெருவைக் கடந்து பக்கத்து வீட்டுக்குப் போனால் வேறொரு தாள உலகம். மத்தான்சாஸ் கலைஞர்களின் காது இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எந்த ஒரு வம்சத்துக்கும் முந்தியது இந்த நெருக்கம்.

ரும்பா இந்தச் சடங்கு இசைகளுக்கு வெளியே, துறைமுகத் தொழிலாளர்கள் கூடும் முற்றங்களில் உருவானது. ஆப்பிரிக்க முரசுகளுக்கு அதிகாரிகள் அவ்வப்போது தடை விதித்தார்கள். அப்போது கருவாட்டு மீன் வந்த மரப்பெட்டியையும் மெழுகுவர்த்திப் பெட்டியையும் தட்டி வாசித்தார்கள். 'கஹோன்' என்ற அந்தப் பெட்டி இன்றும் ரும்பாவில் மதிப்புள்ள வாத்தியம்.

1952

லா மரீனா என்பது மத்தான்சாஸின் ஏழைப் பேட்டைகளில் ஒன்று. அங்கே 'எல் காயோ' என்றொரு மதுக்கடை. ஒருநாள் சில இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையின் இசைப்பெட்டியில் அர்செனியோ ரோத்ரிகெஸின் பாட்டு ஓடுகிறது. அவரும் மத்தான்சாஸ் மாகாணத்தில் பிறந்தவர்தான், பார்வையற்றவர், நடன இசைக்குழுவுக்குள் காங்கா முரசைக் கொண்டுவந்த மேதை. பாட்டுக்கு ஏற்ப இவர்கள் மேசையையும் பாட்டிலையும் கண்ணாடிக் குவளையையும் தட்டத் தொடங்குகிறார்கள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுக் கைதட்டுகிறார்கள். குழு தொடங்கிய கதையாக அவர்கள் எப்போதும் சொல்வது இது.

முதலில் வைத்த பெயர் 'குவாகுவான்கோ மத்தான்செரோ'. குவாகுவான்கோ என்பது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ரும்பா வகை. ஃப்ளோரென்சியோ காயே, எல்லோருக்கும் 'கத்தலீனோ', தலைமை ஏற்றார். 'சால்திகேரா' என்ற எஸ்தெபான் லாந்த்ரியும் 'விருலிய்யா' என்ற ஒர்தென்சியோ அல்ஃபோன்சோவும் சேர்ந்து பாடினார்கள். ரும்பா கேட்பவர்களுக்கு அந்த இரட்டைக் குரல் இன்றும் அளவுகோல். முரசில் 'சாச்சா' என்ற எஸ்தெபான் வேகா. 1950களில் வந்த அவர்களுடைய இசைத்தட்டு ஒன்றில், பத்திரிகைகளின் படக்கதைப் பாத்திரங்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு இடம்பெற்றது. அது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 'லோஸ் முன்யெகீத்தோஸ்' என்ற அந்தப் பாட்டின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர்களைப் பாருங்கள். காயே, லாந்த்ரி, அல்ஃபோன்சோ, வேகா. நிறுவியவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லர். ஒரே பேட்டை, ஒரே வேலைச் சூழல், ஒரே கோயில் வீடுகள், அவ்வளவுதான். ரத்தம்தான் காரணம் என்றால் இந்தக் குழு 1952இல் அவ்வளவு முழுமையாக ஒலித்திருக்க வழியே இல்லை.

வீடு குழுவுக்குள் நுழைகிறது

1967இல் தியோஸ்தாதோ ராமோஸ் குழுவில் சேர்ந்தார். முரசுக்காரராக அல்ல, ஆட்டக்காரராக. பின்னால் குழுவின் தலைமையும் அவரிடம் வந்தது. அவருடைய மகன் பார்பரோ இன்று ரும்பா உலகம் முழுவதும் அறிந்த ஆட்டக்காரர். மகள் விவியனும் குழுவில் ஆடி வளர்ந்தவர். பேரப்பிள்ளைகள் வரை மேடை ஏறிவிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த ஹெசூஸ் அல்ஃபோன்சோ, உச்ச முரசான 'கிந்தோ'வை வாசித்தார். இசை இயக்குநராகவும் பாடல் புனைபவராகவும் பல ஆண்டுகள் குழுவைத் தாங்கினார். அவர் மகன் ஃப்ரெடியும் கிந்தோக்காரர்.

ஆக, 1952இல் நண்பர்கள். 1960களின் இறுதியில் அடுத்த தலைமுறை இளைஞர்கள். அதன் பிறகு அந்த இளைஞர்களின் பிள்ளைகள். தலைமுறை மாறும்போது என்ன செய்வது என்பது எல்லாக் குழுவுக்கும் வரும் கேள்வி. பெரும்பாலான குழுக்கள் அந்த இடத்தில் உடைந்துபோகின்றன. இவர்கள் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். அதைவிட முக்கியம், பிள்ளைகள் அமர்வதற்கான இடங்கள் அந்த இசையின் அமைப்பிலேயே ஏற்கெனவே காத்திருந்தன.

இடங்களின் வரிசை

ரும்பாவுக்கு முதலில் 'கிளாவே'. இரண்டு கெட்டியான மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டும் ஐந்து அடிகள். ஒரு சுற்றை 16 மாத்திரையாகப் பிரித்தால் 1, 4, 8, 11, 13 ஆகிய இடங்களில் அடி விழும். கேட்க எளிது. பாட்டும் மூன்று முரசுகளும் சூழ்ந்து நெருக்கும்போது அந்த எட்டாம் மாத்திரை அடியைச் சரியாக அதன் இடத்தில் வைப்பது எளிதல்ல. கிளாவே பிறழ்ந்தால் எல்லோருக்கும் பிறழும். அதைப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே குழந்தை தெரிந்துகொள்கிறது.

அடுத்தது 'காத்தா'. மூங்கில் அல்லது மரத்தண்டை இரண்டு குச்சிகளால் தட்டுவது. கிளாவேயின் அடிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை அது நிரப்புகிறது. அதன்பின் அடிமுரசான 'சலிதோர்'. அதற்கு மேலே 'த்ரெஸ்-தோஸ்'. எல்லாவற்றுக்கும் மேலே, சிறிய உடலும் கூரிய குரலும் உடைய 'கிந்தோ'. இவை எல்லாமே நாம் காங்கா என்று பொதுவாகச் சொல்லும் முரசின் வெவ்வேறு அளவுகள்.

இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வோர் இடமும் அதற்கு முந்தைய இடத்தைக் காதில் வைத்திருப்பவருக்குத்தான் திறக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கிளாவேக் குச்சியைக் கொடுக்கலாம். உள்ளங்கை சிவக்கச் சிவக்க முரசு அடிக்கும் வலு அதற்கு இன்னும் இல்லை. ஆனால் சுற்றின் எலும்புக்கூடு அதற்குப் பிடிபட்டுவிடும். எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைக்கப்படவில்லை. வாத்தியக் குழுவே பாடத்திட்டம். மூத்தவர் பாட எழுந்தால் ஓர் இடம் காலியாகும். ஒரு மாமா களைத்தால் இன்னோர் இடம் காலியாகும். கச்சேரியை நிறுத்தாமலேயே சிறுவன் ஒரு படி ஏறுகிறான்.

மத்தான்சாஸ் பாணிக்கு இங்கே தனிக் கூறு ஒன்று உண்டு. ஹவானாவின் பழைய குவாகுவான்கோவில் சலிதோரும் த்ரெஸ்-தோஸும் சேர்ந்து ஒரு நிலையான மெட்டுப்போல ஒலிக்கும். மத்தான்சாஸில் அந்த இரண்டு முரசுகளும் பேசிக்கொள்கின்றன. ஒன்று கேட்க, மற்றது பதில் தர, இரண்டும் சற்றே தம் அடிகளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பேச்சு அறுபடக் கூடாது. இதை எழுதிவைத்துக் கற்பிப்பது மிகவும் சிரமம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அவர் எப்போது சொல்லை நீட்டுவார், எப்போது விட்டுக்கொடுப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கு இது எவ்வளவு இயல்பாக வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குடும்பம் இந்த இசைக்குத் தரும் உண்மையான அனுகூலம் இதுதான் என்பேன். ஒருவரின் திறமை மற்றவருக்கு இறங்குவது கிடக்கட்டும். ஒருவரின் பழக்கம் மற்றவருக்கு மனப்பாடமாகியிருக்கிறது.

நடை விஷயத்திலும் இப்படித்தான். கொலும்பியா என்ற வேகமான ரும்பா வகை, மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடையை ஒட்டியது. குவாகுவான்கோவில் நான்கு நான்காகப் போகும் சதுஸ்ரமும் திஸ்ரமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பல அடிகள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகின்றன. ஏட்டில் எழுதினால் ஒன்று சதுஸ்ரமாகிவிடும், இல்லை திஸ்ரமாகிவிடும். நடுவிலிருக்கும் அந்த இடம் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

காலில் தொடங்குவது

தியோஸ்தாதோ ராமோஸ் ஆட்டக்காரராக உள்ளே வந்தவர் என்பதை மேலே சொன்னேன். அது சாதாரணத் தகவல் இல்லை.

ரும்பாவில் கிந்தோக்காரர் தம் இஷ்டத்துக்கு வாசிப்பதில்லை. முதலில் பாடகர் சொல்லில்லாத ஓர் ஆலாபனையோடு தொடங்குவார். பிறகு கதை சொல்லும் பாட்டு. அதன்பின் பல்லவியைக் கூட்டம் வாங்கிப் பாட, அந்த இடத்தில் ஆட்டம் தொடங்கும். அதுவரை கிந்தோ ஒதுங்கியே நிற்கும்; பாட்டின் மூச்சு விடும் இடங்களில் மட்டும் ஒரு சொல் போடும். ஆட்டம் தொடங்கியதும் அதன் கண் ஆட்டக்காரரின் காலில். கொலும்பியாவில் ஓர் ஆண் தனியாக ஆடுகிறார். அவருக்கும் கிந்தோக்காரருக்கும் நடப்பது நேருக்கு நேர் போட்டி. குவாகுவான்கோவில் ஆணும் பெண்ணும். ஆண் திடீரென்று இடுப்பாலோ கையாலோ துண்டாலோ ஒரு சீண்டல் வீச, பெண் தன்னை மறைத்துக்கொண்டு தப்புகிறாள். அந்தக் கணத்தில் கிந்தோவின் அடி விழ வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ஆட்டம் செத்துவிடும்.

அதனால் ரும்பா வீட்டில் பிறந்த குழந்தை நடக்கத் தொடங்கியதும் ஆடத் தொடங்குகிறது. பின்னாளில் கிந்தோ முன் உட்காரும்போது, அது தன் காலில் முன்பே அறிந்ததைக் கையால் சொல்கிறது. ஆட்டக்காரர் தலைமையேற்ற ஒரு குழுவில் இவ்வளவு நல்ல முரசுக்காரர்கள் வளர்ந்தது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

கோயில் முரசு

ரும்பா பொழுதுபோக்கு. அதே மனிதர்கள் வழிபாட்டில் வாசிப்பது 'பாத்தா' என்ற இருமுக முரசுகள். மூன்று முரசுகள் சேர்ந்து ஒரு தொகுதி: சிறியது ஒகோன்கோலோ, நடுவானது இத்தோதெலே, தாய் முரசு ஈயா. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களின் மரபிலிருந்து வந்தவை. இங்கேயும் அதே ஏற்றம்: ஒகோன்கோலோவில் தொடங்கி, ஆண்டுகள் கழித்து இத்தோதெலே, பல ஆண்டுகள் கழித்து ஈயா. ஈயா வாசிப்பவர் மற்ற இரண்டையும் அழைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய அடிகளின் வரிசை முழுவதும் அவர் தலைக்குள் இருக்க வேண்டும்.

சடங்கு செய்து புனிதமாக்கிய பாத்தாவுக்குள் 'அன்யா' என்ற தெய்வம் உறைவதாக நம்பிக்கை. அதை வாசிக்க உறுதிமொழி ஏற்றவர்கள் ஒரு சகோதரக் கூட்டம். முரசுகளுக்கே வம்சம் உண்டு: புதிய தொகுதி ஒன்றைப் புனிதமாக்கும்போது பழைய தொகுதி அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். யாருடைய முரசிலிருந்து யாருடைய முரசு பிறந்தது என்று தலைமுறை சொல்வார்கள். நிறுவனர்களில் ஒருவரான சாச்சா இப்படிப்பட்ட புனித முரசுகளின் காவலர். மத்தான்சாஸ் பாத்தா மரபின் பெரிய ஆசான்களில் ஒருவர். 2007இல் இறந்தார்.

இங்கே குடும்பம் என்பதன் எல்லை விரிந்துவிடுகிறது. சமயத்தில் ஒருவரை உள்ளே அழைத்துச் செல்பவர் ஞானத்தந்தை; உள்ளே வந்தவர் அவருக்குப் பிள்ளை. அந்தப் பிள்ளையை வளர்க்கும் கடமை ஞானத்தந்தைக்கு உண்மையான கடமை. பாடல்களையும் அடிகளையும் கற்பிப்பதும் அதில் சேரும். முன்யெகீத்தோஸை வெறும் ராமோஸ், அல்ஃபோன்சோ குடும்ப மரமாக வரைந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். மீதிப் பாதியை இந்தச் சமய உறவுகள் வரைகின்றன, பெரும்பாலும் வெளியாருக்குத் தெரியாமல்.

காது மூடிக்கொள்ளும் வயது

ரத்தமா வளர்ப்பா என்ற கேள்விக்கு ஆய்வகங்களிலிருந்தும் சில தடயங்கள் உண்டு. கியூபாவில் செய்யப்பட்டவை அல்ல, ஆனாலும் பொருந்துகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன தூங்கும் குழந்தைகளுக்கு ஒரு தாளச் சுற்றைக் கேட்கவைத்தார்கள். சுற்றின் முதல் அடியை விட்டுவிட்டபோது குழந்தைகளின் மூளை அலையில் மாற்றம் தெரிந்தது. அதாவது, அடியை எதிர்பார்க்கும் திறன் எல்லாக் குழந்தைக்கும் பிறப்பிலேயே இருக்கிறது. லா மரீனாவில் பிறந்தால்தான் வரும் என்றில்லை.

2005இல் எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. வட அமெரிக்காவில் வளரும் ஆறு மாதக் குழந்தைகள், தங்கள் வீட்டில் கேட்டிராத தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதிச் சீரற்ற தாளங்களில் வரும் பிசகையும் கண்டுகொண்டன. பன்னிரண்டு மாதக் குழந்தைகள் பழகிய தாளங்களில் மட்டுமே கண்டுகொண்டன. அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வீட்டில் பால்கன் இசையைப் போட்டுக் காட்டியதும் திறன் திரும்பி வந்தது. பெரியவர்கள் அதே அளவு கேட்டும் அவர்களுக்கு அந்த அளவுக்குப் பயன் கிடைக்கவில்லை.

மத்தான்சாஸ் வீட்டுக் குழந்தையின் நிலைமையை இதோடு சேர்த்துப் பாருங்கள். காது திறந்திருக்கும் அந்த முதல் மாதங்களில் அது கேட்பது கிளாவே. சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே விழும் அடிகள். மூன்று முரசுகளின் உரையாடல். மற்ற குழந்தைகளுக்கு மூடிக்கொள்ளும் கதவு அதற்கு மூடுவதே இல்லை. பிறவித் திறமை மனிதருக்கு மனிதர் வேறுபடுவதை நான் மறுக்கவில்லை. ஒரே வீட்டிலும் ஒருவர் பார்பரோ ராமோஸ் ஆகிறார், இன்னொருவர் ஆவதில்லை. ஆனால் ஒரு வீடே தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களைத் தருவதற்கு அந்த வேறுபாடு விளக்கமாகாது.

வேறு இரண்டு வீடுகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஹவானாவுக்குப் போகலாம். 'லோஸ் பாப்பினெஸ்' என்பது அப்ரெயு சகோதரர்கள் நால்வரின் குழு. 'பாப்பின்' என்ற ரிக்கார்தோ தலைமை. நான்கு உடன்பிறந்தவர்களும் தனித்தனிக் குரல்போலவும் ஒரே உடல்போலவும் முரசு வாசித்தது உலக மேடைகளில் பெரும் வரவேற்பைப் பெற்றது. இது நேரான குடும்பக் குழு.

எனக்கு இதைவிடச் சுவையானது, சான் மிகேல் தெல் பத்ரோன் பகுதியின் லா கொரேயா பேட்டையில் வாழ்ந்த லோபெஸ் சகோதரர்கள். 'லோஸ் சினீத்தோஸ்' என்று அறியப்பட்டவர்கள். 1970களில் இவர்கள் வீட்டில் 'குவாரபசாங்கேயோ' என்ற பாணி உருவானது. முரசுகள் நிலையான அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பழைய முறையைத் தளர்த்தி, கஹோன் பெட்டிகளையும் காங்காவையும் கலந்து, இடைவெளியும் எதிர்பாராத பதில்களும் நிறைந்த நடையை ஆக்கினார்கள். பழைய முறையில் ஊறியவர்கள் பலர் முதலில் இதை ரும்பாவாகவே ஏற்கவில்லை. பிறகு ஹவானா முழுவதும் அதுவே பரவியது; இன்று இளைஞர்கள் பெரும்பாலும் அதன் சாயல் இல்லாமல் வாசிப்பதில்லை.

வெளி மேடையில் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள் என்பதையெல்லாம் சகோதரர்கள் தம் வீட்டில் முயன்று பார்க்கலாம். தவறினால் வெட்கமில்லை, மறுநாளும் அதே சகோதரர்கள்தான். குடும்பம் என்றாலே பழையதைக் காப்பது என்று நினைப்பவர்களுக்கு லோபெஸ் வீடு நல்ல மறுமொழி.

மேடை, பயணம், சம்பளம்

1959 புரட்சிக்குப் பிறகு அரசு நாட்டார் கலைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1962இல் தேசிய நாட்டார் கலைக்குழு அமைக்கப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் வாசித்தவர்களின் பிள்ளைகளுக்கு வாசிப்பதே தொழிலாகும் வாய்ப்பு வந்தது. இது பெரிய மாற்றம். அப்பாவின் கலை பிள்ளைக்குச் சோறு போடும் என்றால்தான் எந்த ஊரிலும் பிள்ளை அதில் நிலைக்கும்.

1992இல் முன்யெகீத்தோஸ் முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் சென்றது. சோவியத் ஒன்றியம் சிதைந்து கியூபா கடும் தட்டுப்பாட்டில் தவித்த ஆண்டுகள் அவை. வெளிநாட்டுப் பயணமும், கற்க வரும் வெளிநாட்டு மாணவர்களும் பல ரும்பா வீடுகளுக்கு வருமானமானார்கள். 2001இல் பல ரும்பாக் குழுக்கள் சேர்ந்து வழங்கிய 'லா ரும்பா சோய் யோ' தொகுப்புக்கு லத்தீன் கிராமி இசை விருது கிடைத்தது. அதில் இவர்களும் உண்டு. 2016இல் கியூப ரும்பாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மரபு பிழைப்பதும் பிழைக்காததும் பட்டியலால் முடிவாவதில்லை. இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்களா என்பதால் முடிவாகிறது. சலிதோருக்கும் த்ரெஸ்-தோஸுக்கும் நடக்கும் அந்த உரையாடலுக்கு இரண்டு பேர் ஒரே ஊரில், ஒரே முற்றத்தில் நெடுங்காலம் இருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் கியூபாவிலிருந்து வெளியேறுபவர்களின் அலை முன்பு காணாத அளவு பெரிது. கச்சேரிக்கு ஆள் குறைவது உடனே கண்ணில் படும். வரிசையில் கீழ்ப்படியில் நிற்க வேண்டிய சிறுவர்கள் குறைவது பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். எனக்குக் கவலை அந்தச் சிறுவர்களைப் பற்றித்தான்.

2009இல் ஹெசூஸ் அல்ஃபோன்சோ இறந்தார். இசை இயக்குநர், முதன்மைக் கிந்தோக்காரர், பல பாடல்களை ஆக்கியவர். ஒரே ஆளின் மறைவில் குழு இத்தனையையும் இழந்தது. 2011இல் குழு மறுபடி அமெரிக்கா சென்று வாசித்தது. ஃப்ரெடி முன்பே கிந்தோவில் அமர்ந்து பழகியவர் என்பதால் அந்த இடம் காலியாகவில்லை. திடீரென்று ஒரு வாரிசைத் தேடும் நிலை அவர்களுக்கு வரவில்லை. வாரிசு ஏற்கெனவே வரிசையில் இருந்தார்.

பெண்கள்

இந்த ஏற்பாட்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். புனித பாத்தாவைப் பெண்கள் தொடக் கூடாது என்பது மரபு. ரும்பா முரசுகளுக்கு அப்படிச் சமயத் தடை இல்லை. ஆனாலும் வழக்கம் கிட்டத்தட்ட அதையே செய்தது. ஆனா பேரெஸ், விவியன் ராமோஸ் போன்றவர்கள் முன்யெகீத்தோஸில் ஆடியும் பாடியும் பெயர் பெற்றார்கள். முரசுகளின் முன் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

அதே வீடு, அதே தொட்டில், அதே கிளாவே. காது திறந்திருந்த மாதங்களில் மகள் கேட்டதும் மகன் கேட்டதும் ஒன்றுதான். ரத்தத்தில் வருவதென்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கு முரசும் மற்றவருக்கு ஆட்டமும் ஆனது, வரிசையில் யாருக்கு எந்த இடத்தைத் திறந்துவைத்தார்கள் என்பதால். திறமை இறங்கும் கதைகளில் இந்தப் பாதியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது வருத்தம் தருகிறது.

1990களில் ஹவானாவில் 'ஒபினி பாத்தா' என்ற பெண்கள் குழு உருவாகி, புனிதமாக்கப்படாத பாத்தாக்களை மேடையில் வாசிக்கத் தொடங்கியது. எதிர்ப்பு இருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. சடங்கில் தடை அப்படியே இருந்தாலும், பாத்தா கற்ற பெண்கள் இன்று கியூபாவிலும் வெளியிலும் பலர்.

வெளியே போனவர்

இறுதியாக ஒரு மறுபக்கச் சான்று. ஃபிரான்சிஸ்கோ அகுவபெய்யா மத்தான்சாஸில் 1925இல் பிறந்தவர். அந்த ஊர் பாத்தா மரபில் வளர்ந்தவர். 1950களில் அமெரிக்க நடனக் கலைஞர் கேத்ரின் டன்ஹாமின் குழுவோடு கியூபாவை விட்டுச் சென்று, பிறகு கலிஃபோர்னியாவில் நிலைத்தார். 2010இல் இறக்கும்வரை அங்கே வாசித்தார், கற்பித்தார். 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலை விருது அவருக்குக் கிடைத்தது. அவரிடம் பாத்தா கற்ற மாணவர்களில் பலருக்கு மத்தான்சாஸோடு பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லை. வளர்ந்த பிறகு தொடங்கியவர்கள். அதனால் அவர்களுக்கு ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. அவர்களும் ஒகோன்கோலோவில்தான் தொடங்கினார்கள். ஆசான் ஈயாவில் அமர, அடுத்த முரசுக்குப் போகும் முறை வரும்வரை சின்ன முரசில் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.